இராட்டினம் ஏறாத பிள்ளைகள்



கோடை விடுமுறை பிறந்தவுடனே, வெளி மாநிலங்களில் குடியேறி வாழும் நம்மவர் இல்லந்தோறும் ஒரு கேள்வியும் உடன் பிறந்துவிடுகிறது. "குழந்தைகளை எங்கே அழைத்துக்கொண்டு போவது?" ஊருக்குச் செல்ல இரயில் சீட்டுக் கிடைத்தவர்கள் திருநெல்வேலிக்கோ தஞ்சாவூருக்கோ பாலக்காட்டுக்கோ புறப்பட்டு விடுகிறார்கள். கிடைக்காதவர்கள் இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள். போதாக்குறைக்கு, ஊரிலிருந்து தங்கை குடும்பமும் அத்தான் குடும்பமும் "மும்பையைப் பார்க்க வேண்டும்" என்று வந்து இறங்குகின்றன. மாதுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் இந்தக் கேள்விக்கு இந்நாளில் கிடைக்கின்ற விடை பெரும்பாலும் ஒன்றுதான்: நகருக்கு வெளியே ஏதேனும் ஒரு பெரிய கேளிக்கைப் பூங்கா.

அத்தகைய பூங்கா ஒன்றில் நான் ஒருமுறை கண்ட காட்சியைச் சொல்லுகிறேன். பூங்காவின் பெயர் வேண்டுவதில்லை; எல்லாப் பூங்காக்களிலும் நிகழ்வதுதான். பெரிய இராட்டினத்தின் வாயிலில் உயரம் அளக்க ஒரு கோல் நாட்டியிருந்தார்கள். அண்ணன் அந்தக் கோட்டைத் தாண்டி உள்ளே சென்றுவிட்டான். தம்பிக்கு இரண்டு விரற்கடை குறைந்தது. நுனிக்காலில் நின்று பார்த்தான். காவலர் சிரித்தாரேயன்றி இசையவில்லை. வேலிக்கு வெளியே பாட்டியின் கையைப் பற்றிக்கொண்டு, மேலே சுழன்று செல்லும் அண்ணனைப் பார்த்தபடியே அவன் நின்றான். அவனுக்கு அருகிலேயே அச்சத்தால் ஏற மறுத்த சிறுமி ஒருத்தி. எல்லாருக்கும் சீட்டு வாங்கப் பணம் போதாமையால் "உனக்கு அடுத்த தடவை" என்று நிறுத்தி வைக்கப்பட்ட மற்றொரு சிறுவன். இராட்டினத்தில் ஏறியவர்களைக் காட்டிலும் ஏறாதவர்களே அங்கு அதிகம்.

அந்த ஏறாத பிள்ளைகளுக்காக இந்த நகரம் எக்காலத்தில் என்ன செய்து வைத்தது என்பதே இவ்வுரையின் பொருள். கேளிக்கைப் பூங்காவின் வரலாறு என்றால் இயந்திரங்களின் வரலாறு என்றே பலரும் எண்ணுகின்றனர். ஆராய்ந்து பார்த்தால், இயந்திரம் மிகப் பிந்தி வந்த விருந்தாளி என்பது விளங்கும்.

முதலில் நம் மொழியின் சான்று ஒன்றைக் காண்போம். பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியத்தில் குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பகுத்துப் பாடுவது மரபு என்பதை நேயர்கள் அறிவீர்கள். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதி மூன்று பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பன. பெண்பாலில் கழங்கு, அம்மானை, ஊசல் என்று அவை அமையும். நீராடலைச் சேர்த்துக் கூறுவாரும் உண்டு. மணலில் வீடு கட்டுவதும் அதைச் சிதைப்பதும் சிற்றில். பறை கொட்டுவது சிறுபறை. காய்களை மேலே எறிந்து பிடிப்பது கழங்கும் அம்மானையும். இவற்றுள் ஏறி அமர்ந்து இன்புறும் விளையாட்டு எது? ஊசல் ஒன்றே. சிறுதேர்கூடப் பிள்ளை ஏறிச் செல்லும் தேரன்று. பிள்ளை உருட்டிச் செல்லும் தேர். ஆறு விளையாட்டுகளில் ஐந்து, பிள்ளை தானே செய்வன; ஒன்றே ஒன்று, பிள்ளையைச் சுமந்து ஆட்டுவது. நம் புலவர்கள் கணக்குப் பார்த்து இப்படி வகுத்தார்கள் என்று நான் கூற வரவில்லை. குழந்தைகளைக் கூர்ந்து நோக்கியவர்கள் கண்ட உண்மை இந்த விகிதத்தில் வந்து விழுந்திருக்கிறது என்றுதான் கூறுகிறேன்.

இனிப் பம்பாய்க்கு வருவோம். 1995 வரை அதுவே இந்நகரின் பெயராதலால், பழைய செய்திகளைப் பழைய பெயராலேயே சொல்லுவேன்.

பைகுல்லாவிலுள்ள இராணி பாகைக் காணாத பம்பாய்க் குழந்தை இருந்திருக்க இயலாது. விக்டோரியா தோட்டம் என்ற பெயருடன் 1862 நவம்பர் 19ஆம் நாள், ஆளுநரின் மனைவியாராகிய பிரியர் சீமாட்டி அதைத் திறந்து வைத்தார். அன்று அது செடிகொடிகளை வளர்த்து ஆராயும் தாவரத் தோட்டம். விலங்குகள் பின்னரே வந்தன. தோட்டத்தின் ஓரத்தில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் 1872இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. விலங்குக் காட்சிசாலை 1890இல் சேர்ந்தது. நாடு விடுதலை பெற்றபின் தோட்டம் வீரமாதா ஜீஜாபாயின் பெயரையும், அருங்காட்சியகம் மருத்துவரும் அறிஞருமான பாவு தாஜி லாடின் பெயரையும் பெற்றன.

இந்தச் செய்தியைக் கேட்கும்போது சென்னைவாசிகளுக்கு ஒரு நினைவு வரும். சென்னையிலும் இப்படித்தான் நடந்தது. எழும்பூர் அருங்காட்சியகத்தின் வளாகத்திலேயே 1855இல் பால்பர் என்னும் மருத்துவர் விலங்குகளைச் சேர்த்து வைத்தார். பின்னர் அவை பீப்பிள்ஸ் பார்க்குக்குச் சென்று, நெடுங்காலம் அங்கு இருந்து, 1985இல் வண்டலூரில் நிலைகொண்டன. சென்னை மக்கள் அருங்காட்சியகத்துக்குச் 'செத்த காலேஜ்' என்றும், விலங்குக் காட்சிசாலைக்கு 'உயிர் காலேஜ்' என்றும் பெயரிட்டு அழைத்தார்கள். எந்தப் புலவரும் வைக்க இயலாத பெயர்கள்! பம்பாயில் உயிர் காலேஜும் செத்த காலேஜும் ஒரே மதிலுக்குள் அமைந்தன. ஊரிலிருந்து வந்த பாட்டிமார் இராணி பாகுக்குள் நுழைந்தவுடன் அந்நியம் தோன்றாமல் நடமாடியதற்கு இதுவும் ஒரு காரணம் ஆகலாம்.

அங்கே குழந்தை செய்தது என்ன? நடந்தது, வேலியைப் பற்றிக்கொண்டு நின்றது, நீர்யானை எப்போது வாயைத் திறக்கும் என்று காத்திருந்தது. அருங்காட்சியகத்துக்குள் சென்றால், பழைய பம்பாயில் வாழ்ந்த பல்வேறு சமூகத்தாரையும் தொழிலாளரையும் சிறு மண் பொம்மைகளாகச் செய்து கண்ணாடிப் பெட்டிகளில் வைத்திருப்பார்கள். நம் வீட்டு நவராத்திரிக் கொலுவை அரசாங்கமே ஆண்டு முழுதும் வைத்திருப்பது போன்ற தோற்றம். தலைப்பாகை கட்டியிருக்கும் விதத்தைக் கொண்டு இவர் இன்னார் என்று கண்டுபிடிக்கும் ஆட்டத்தைக் குழந்தைகளுக்குக் கற்பித்துவிட்டால், பெரியவர்களுக்குக் கால் மணி நேரம் உட்கார இடம் கிடைக்கும்.

கட்டடத்துக்கு வெளியே நிற்கும் கல் யானையின் கதை அதனினும் சுவையானது. கடலுக்கு நடுவே உள்ள காராபுரித் தீவின் கரையில் இந்த யானை ஒரு காலத்தில் நின்றது. இதைக் கண்டுதான் போர்த்துக்கேசியர் அத்தீவுக்கு எலிபெண்டா என்று பெயரிட்டார்கள். 1814இல் இதன் தலையும் கழுத்தும் சரிந்து விழுந்தன. 1864இல் இதனை இங்கிலாந்துக்குக் கொண்டு செல்ல முயன்றபோது, பாரந்தூக்கி அறுந்து, யானை துண்டு துண்டாகிவிட்டது. அத்துண்டுகள் விக்டோரியா தோட்டத்துக்கு வந்து கிடந்தன. 1914இல்தான் அவற்றை ஒன்றோடொன்று பொருத்தி யானையாக நிறுத்தினார்கள். முன்பு ஏறிச் சவாரி செய்த உயிருள்ள யானையைவிட, உடைந்து ஒட்டப்பட்ட இந்த யானையிடம் குழந்தைகள் அதிக நேரம் நிற்பதைக் காணலாம். ஒட்டு எங்கே என்று தேட வேண்டுமல்லவா? டிராம் வண்டிகள் ஓடிய நாள்களில், அதாவது 1964 மார்ச் 31 வரை, தாதரிலிருந்து பைகுல்லா வழியாகச் செல்லும் டிராமில் ஏறி இங்கு வந்து இறங்குவது எளிய குடும்பத்துக்கும் இயன்ற காரியமாக இருந்தது.

தோட்டத்துக்குப் போவதை விடுத்து, தோட்டத்துக்கு நடுவே வாழ்வது என்னும் எண்ணம் ஒரு கொள்ளைநோயிலிருந்து பிறந்தது. 1896இல் பம்பாயைப் பிளேக் தாக்கியது. காற்றும் வெளிச்சமும் நுழையாத சந்துகளே நோயின் இருப்பிடம் எனக் கருதி, 1898இல் நகர மேம்பாட்டு அறக்கட்டளையை அமைத்தார்கள். அவ்வமைப்பு வடக்கே தாதர், மாதுங்கா, வடாலா, சயான் பகுதிகளில் அகன்ற சாலைகளையும், இடையிடையே திறந்த வெளிகளையும் வகுத்தது. மாதுங்காவுக்கு அருகே உள்ள ஐந்து தோட்டங்கள் அத்திட்டத்தின் பேறு. இருபதாம் நூற்றாண்டின் இருபதுகளிலும் முப்பதுகளிலும் அலுவலகப் பணி நாடி வந்த தென்னிந்தியர் மாதுங்காவில் குடியேறினர். 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது. பள்ளி விட்ட பிள்ளைகளுக்குத் தோட்டங்கள் காத்திருந்தன. சீட்டு இல்லை, காவலரின் உயரக் கோல் இல்லை. மரநிழலும் மண்தரையுமே முதல்.

தாராவிக்குச் சென்ற நம்மவர்க்கு அத்தகைய தோட்டத்தை எவரும் வகுத்துத் தரவில்லை. தோல் பதனிடும் தொழிலுக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள் சதுப்பு நிலத்தைத் தாமே தூர்த்துக் குடியிருப்பாக்கிக் கொண்டார்கள். பிள்ளைகள் சந்திலும் இருப்புப்பாதை ஓரத்திலும் விளையாடினார்கள். ஆயினும் அச்சந்துகளில் நிகழ்ந்த ஓர் அதிசயத்தை வரலாறு எழுதுவோர் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது என் எண்ணம். மராத்திப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாமலேயே சேர்ந்து விளையாட முடிந்தது. ஏனெனில் ஆட்டம் இருவருக்கும் முன்பே தெரிந்திருந்தது! நம் கிட்டிப்புள்தான் அங்கே விட்டிதாண்டு. நம் சடுகுடுதான் அங்கே ஹுதுது. நொண்டி அங்கே லங்டி. திருநெல்வேலிப் பக்கத்தார் நிலவொளியில் கோடு கிழித்து ஆடும் கிளித்தட்டு, மராட்டியத்தில் ஆட்யா பாட்யா. ஏழு கற்களை அடுக்கிப் பந்தால் எறிந்து கலைக்கும் ஆட்டத்துக்கு லகோரி என்று பெயர். பெயரை மட்டும் மாற்றிச் சொன்னால் போதும். விதிகளைக் கற்பிக்க வேண்டியதில்லை. குடிபெயர்ந்தவர் பிள்ளைகள் அண்டை மொழியின் எண்களை எண்ணக் கற்ற முதற் பள்ளிக்கூடம் இதுவே. வாத்தியார் சம்பளம் கேட்காத பள்ளிக்கூடம்.

நாடு விடுதலை பெற்றபின் பம்பாயில் குழந்தைகளை எண்ணியே சில இடங்கள் எழுந்தன. 1951இல் கடலோரச் சாலையில் தாராபூர்வாலா மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. மலபார் குன்றில், நீர்த்தேக்கத்தின் மேல் 1881இல் அமைந்த தொங்கு தோட்டத்தில் விலங்குகளின் வடிவில் கத்தரிக்கப்பட்ட செடிகள் முன்னரே இருந்தன. அதற்கு எதிரே 1952இல் கமலா நேரு பூங்கா உருவாயிற்று. அப்பூங்காவின் நடுவே நிற்கிறது ஒரு மாபெரும் செருப்பு. செருப்பென்றால் கணுக்காலுக்கு மேலும் உயர்ந்த பூட்சு.

எண்ணற்ற பிள்ளைகளை வைத்துக்கொண்டு செய்வதறியாது திண்டாடிய கிழவி ஒருத்தி ஒரு பூட்சுக்குள் குடியிருந்தாள் என்பது ஆங்கில மழலைப் பாட்டில் வரும் கதை. அக்கதையே அங்கு கட்டடமாகி நிற்கிறது. குழந்தைகள் உள்ளே நுழைந்து, படிகளில் ஏறி, மேலேயுள்ள சாளரத்தின் வழியே எட்டிப் பார்ப்பார்கள். கீழே நிற்கும் அப்பாவைக் கூவி அழைப்பார்கள். அவ்வளவுதான் விளையாட்டு. அச்செருப்பு அசையாது, சுழலாது, அதில் ஒரு பல்சக்கரமும் இல்லை. ஆனால் எழுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பம்பாய்க் குழந்தையின் நிழற்படத் தொகுப்பில் அது இடம்பெற்று வருகிறது. ஒற்றை அறையில் எட்டுப் பேர் உறங்கும் வீட்டிலிருந்து வந்த தாராவிக் குழந்தைக்கு அந்தக் கிழவியின் திண்டாட்டத்தை எவரும் விளக்க வேண்டியிருந்திராது என்பதையும் இடையே சொல்லிவிடுகிறேன்.

அதே 1952ஆம் ஆண்டு மே மாத இறுதியில், ஹாலந்து நாட்டில் எஃப்டெலிங் என்னும் இடத்தில் தேவதைக் கதைக் காடு ஒன்றைத் திறந்தார்கள். ஆண்டன் பீக் என்ற ஓவியர் தீட்டிக் கொடுத்த வண்ணம் பத்துக் கதைகளை மரங்களுக்கிடையே உருவங்களாக அமைத்திருந்தார்கள். அங்கும் ஏறிச் சுற்றுவது நோக்கமன்று. காட்டுப் பாதையில் நடந்து, அடுத்த வளைவில் எந்தக் கதை வரும் என்று காண்பதே நோக்கம். அப்பூங்கா வளர்ந்து இன்று ஐரோப்பாவின் பெரும் பூங்காக்களில் ஒன்றாகிவிட்டது. ஆயினும் அங்கே குழந்தைகளை மிகவும் கவர்வனவற்றுள் ஒன்று எது என்று கேட்டால் வியப்படைவீர்கள்: குப்பைத் தொட்டி. பெருந்தீனிக்காரன் ஒருவனின் உருவில் 1959இல் ஒரு தொட்டியைச் செய்து வைத்தார்கள். வாயைத் திறந்தபடி, "காகிதம் இங்கே" என்று அவன் கூவுவான். குப்பையைப் போட்டால் நன்றி சொல்லுவான். பிள்ளைகள் குப்பை தேடி ஓடினார்கள். நம் நகராட்சிகள் எத்தனையோ விளம்பரப் பலகைகளால் சாதிக்க இயலாததை அந்தப் பொம்மை சாதித்தது.

டிஸ்னிலேண்டின் பிறப்பையும் இங்கே கருத வேண்டும். வால்ட் டிஸ்னி தம் பெண்களைக் குடை இராட்டினத்தில் ஏற்றிவிட்டு, லாஸ் ஏஞ்சலிஸ் நகரப் பூங்காவில் ஒரு பலகையில் தனியே உட்கார்ந்து, வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தபோதுதான் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழ ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் தமக்கு உதித்தது என்று அவரே கூறியிருக்கிறார். ஆகவே, உலகின் புகழ்மிக்க கேளிக்கைப் பூங்காவின் வித்து, இராட்டினத்தில் ஏறாமல் உட்கார்ந்திருந்த ஒருவர் உள்ளத்தில் விழுந்தது! 1955 ஜூலை 17இல் பூங்கா திறக்கப்பட்டது. மறு ஆண்டே ஆற்றின் நடுவே டாம் சாயர் தீவு என்பதை அமைத்தார். தெப்பத்தில் அக்கரை சேர்ந்தால் அங்கே இயந்திரம் ஒன்றுமில்லை. குகைகளும் ஆடும் பாலங்களும் மர வீடும் உண்டு. பிள்ளைகள் ஓடி ஒளிந்து கொள்ளலாம். டென்மார்க்கின் தலைநகரில் 1843இல் தோன்றிய டிவோலித் தோட்டமோ அதற்கும் ஒரு நூற்றாண்டு முந்தியது. தோன்றிய மறு ஆண்டிலேயே அங்குச் சிறுவர்களைக் கொண்டே ஒரு காவற்படையும் வாத்தியக் குழுவும் அமைத்து அணிவகுக்கச் செய்தார்கள். நம் சிறுபறைப் பருவம் டென்மார்க்கில் சீருடை அணிந்தது எனலாம்.

மேல்நாட்டுச் செய்தி போதும். தாராவிக்கு அருகே உள்ள மாகிமுக்குத் திரும்புவோம். பதினைந்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மறைந்த மக்தூம் அலி மாகிமி என்னும் பேரறிஞரின் தர்காவை ஒட்டி டிசம்பர் மாதத்தில் பத்து நாள் திருவிழா நடைபெறுகிறது. நகரக் காவல்துறையினர் முதல் போர்வையைக் கொண்டுவந்து சாத்துவது அங்குள்ள வழக்கம். கடற்கரையில் இராட்டினங்கள் முளைக்கும். பண்டிகை எந்தச் சமயத்தாருடையது என்று பிள்ளைகள் கேட்பதில்லை. தாராவித் தமிழ்ப் பிள்ளைகளுக்கு நடைதூரத்தில் கிடைத்த திருவிழா அது. செப்டம்பரில் பாந்திரா மவுண்ட் மேரி மாதா கோயில் விழாவும் அத்தகையதே.

இத்திருவிழாக்களில் இராட்டினத்துக்குக் கொடுக்கக் காசு இல்லாதவனுக்கும் பகல் போதாது. பலூனைக் குறிபார்த்துச் சுடலாம். வளையத்தை எறிந்து சோப்புக்கட்டி வெல்லலாம். வெல்வது அரிது என்பது வேறு. வளைந்த கண்ணாடிமுன் நின்று, குள்ளனாகவும் நெட்டையனாகவும் தன்னையே கண்டு நகைக்கலாம். இவையனைத்திலும் நம்மவர் வாழ்வில் நிலைத்தது படக் கடைதான். திரையில் தீட்டிய ஆகாய விமானத்துக்கு முன்னே அட்டையில் வெட்டிய சாளரம்; அதில் முகத்தை நீட்டினால், விமானத்தில் பறப்பதுபோல் படம். அப்படம் தபாலில் ஊருக்குச் சென்று, கூடத்துச் சுவரில் சட்டமிட்டுத் தொங்கியது. மகனும் பேரனும் பம்பாயில் எப்படி வாழ்கிறார்கள் என்பதற்கு அந்த அட்டை விமானமே ஊராருக்குச் சான்றாக விளங்கியது. அந்தப் பொய்யில் ஒரு கண்ணியம் இருந்தது. நாம் அதைப் பழிக்க வேண்டுவதில்லை.

தீவுத்திடல் பொருட்காட்சியைப் பார்த்து வளர்ந்த சென்னைக்காரர்க்கு இந்த அனுபவம் புதிதாகத் தோன்றாது. பொருட்காட்சி என்றவுடன் இராட்டினம் நினைவுக்கு வருமுன் முகத்தை மறைக்கும் டெல்லி அப்பளம் அன்றோ நினைவுக்கு வருகிறது!

அடுத்து வந்தது அறிவியல். 1979ஆம் ஆண்டை உலகெங்கும் குழந்தைகள் ஆண்டாகக் கொண்டாடினார்கள். அவ்வாண்டில் வொர்லியில் நேரு அறிவியல் மையத்தின் திறந்தவெளிப் பூங்காவைக் குழந்தைகளுக்கெனத் திறந்தார்கள். மையத்தின் முழுக் கட்டடம் 1985 நவம்பர் 11இல் திறக்கப்பட்டது. "தொடாதே" என்ற பலகையைக் கண்டே வளர்ந்த பிள்ளைகள், இழுத்தும் சுழற்றியும் தட்டியும் பார்க்க வேண்டிய பொருள்களை அங்குக் கண்டார்கள். இராட்டினத்தில் ஏறினால் நெம்புகோலும் ஊசலும் நம்மை ஆட்டுகின்றன. இங்கே அவற்றை நாம் ஆட்டுகிறோம். வேறுபாடு சிறிதன்று.

பிறகுதான் பெரும் பூங்காக்களின் காலம். 1989இல் கோராய்ப் பகுதியில் எஸ்ஸல்வேர்ல்டு எழுந்தது. 1998இல் அதன் அருகே நீர் விளையாட்டுப் பூங்கா வந்தது. 2013இல் கோபோலிக்கு அருகே இமேஜிக்கா தோன்றியது. இராட்டினம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே காசு என்னும் திருவிழா முறை போய், வாயிலிலேயே முழுத் தொகையையும் செலுத்தும் முறை இக்காலத்தில் நிலைபெற்றது. இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். முன்பு ஏறாதவன் காசு கொடுக்கவில்லை. இப்போது ஏறாத தம்பிக்கும் ஏற இயலாத பாட்டிக்கும் சேர்த்தே செலவாகிறது. எனவே, ஏறாதவர்களுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்பது, விளையாட்டுக் கேள்வியாக இராமல் வீட்டுக் கணக்குக் கேள்வியாகவும் ஆகிவிட்டது.

அவ்வகையில் எஸ்ஸல்வேர்ல்டுக்குச் சென்ற நாள்களைப் பற்றிப் பலர் இன்றும் முதலில் நினைவுகூர்வது, கழியைக் கடந்து சென்ற படகுப் பயணத்தை. இமேஜிக்காவில் மாலைதோறும் வேடமிட்டோர் ஆடிப்பாடி அணிவகுத்து வந்தனர்; அதற்கு உயரக் கோல் கிடையாது; தந்தையின் தோள்மேல் அமர்ந்தவனுக்கே முதலிடம். சென்னையில் கிழக்குக் கடற்கரைச் சாலையிலுள்ள வி.ஜி.பி. பூங்காவிலோ எல்லாவற்றையும் வென்றவர் ஒருவர் இருந்தார். அரண்மனைக் காவலரைப் போல் உடையணிந்து, கண்ணிமைப்பதும் அரிதாக மணிக்கணக்கில் அசையாமல் நின்ற சிலை மனிதர் அவர். அவரைச் சிரிக்க வைப்போர்க்குப் பரிசு என்று அறிவித்திருந்தார்கள். தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகள் அவர்முன் நின்று, நாக்கை நீட்டியும் குரங்குபோல் குதித்தும் கோமாளித்தனங்கள் செய்தார்கள். ஆழ்ந்து நோக்கினால் அங்கே காட்சிப்பொருள் அவரன்று. அவர்முன் ஆடிய குழந்தைகளே.

இனி, போகவிருக்கும் நேயர்களுக்கு ஒரு சில சொற்கள். பெரிய பூங்காவில் ஒரு நாளின் பெரும்பகுதி வரிசையில் நிற்பதிலேயே கழியும். அந்நேரத்தைக் கைப்பேசியிடம் ஒப்படைப்பது எளிது. ஆயினும் சட்டைப்பையில் ஐந்து கூழாங்கற்களை எடுத்துச் சென்று பாருங்கள். சங்கப் பாடல்களிலேயே பேசப்படும் கழங்கு ஆட்டத்தின் பேர்த்தியாகிய சொட்டாங்கல்லை ஆட, ஒரு சாண் தரை போதும். பாட்டியை அழைத்துச் சென்றிருந்தால், வரிசை நகர்வதற்குள் விடுகதைப் போர் ஒன்றை மூட்டிவிடலாம். வேறு மாநிலத்தில் பிறந்து, தமிழைப் பேசத் தெரிந்தும் விடுகதை அறியாது வளரும் நம் பேரப்பிள்ளைகளுக்கு அந்த ஒரு மணி நேரத்தில் சேரும் சொற்கள் ஒரு மாத வகுப்பில் சேரா. பூங்காவின் வரைபடத்தைப் பிள்ளையின் கையில் கொடுத்து, "இன்று நீதான் வழிகாட்டி, உன் பின்னால்தான் நாங்கள் வருவோம்" என்று சொல்லிவிடுவதும் நன்று. இரண்டு விரற்கடை உயரம் குறைந்த தம்பிக்கே அப்பதவியைக் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

செம்பூர், சயான் பகுதியினர் தொலைதூரம் செல்லவும் வேண்டுவதில்லை. ஆணிக் பணிமனையில் நகரப் பேருந்து நிறுவனத்தார் அமைத்த அருங்காட்சியகத்தில் பழைய டிராம், பேருந்து ஆகியவற்றின் மாதிரிகளையும் சீட்டுக் கொடுக்கும் கருவிகளையும் சேர்த்து வைத்தார்கள். தாத்தா ஏறிய டிராமைப் பேரன் காண்பதற்கு அதுவே இடம்.

தாராவிக்கு ஒட்டினாற்போல், மித்தி ஆற்றின் கரையில், 37 ஏக்கர் பரப்பில் உள்ள மகாராஷ்டிர இயற்கைப் பூங்காவைத் தாராவியில் இருப்பவர்களுள்ளேயே பலர் பார்த்ததில்லை என்பது எனக்கு வியப்பளிக்கிறது. எழுபதுகள் வரை அது நகரத்தின் குப்பைமேடு. குப்பை கொட்டுவது நின்றபின், உலக வனவிலங்கு நிதியத்தின் இந்தியக் கிளையினர் முன்னின்று, அம்மேட்டின்மீது மண் பரப்பி மரம் நடும் பணியைத் தொடங்குவித்தார்கள். எண்பதுகளில் நட்ட கன்றுகள் வனமாயின. 1994 ஏப்ரல் 22இல், உலக புவி நாளன்று, பூங்காவைத் திறந்தார்கள். தாராவிக்கு எவரும் வகுத்துத் தராத தோட்டம், மாதுங்காவுக்குக் கிடைத்ததற்கு இரண்டு தலைமுறை பிந்தி, குப்பையிலிருந்து எழுந்து வந்தது.

அங்கே இராட்டினம் இல்லை. மூலிகைச் செடிகளும், மழைநீர் தேங்கும் குளமும், பறவைகளும் உண்டு. ஆடாதோடை, நொச்சி, வேம்பு என்று ஊரில் கொல்லைப்புறத்தில் கண்டவற்றைப் பாட்டி பெயர் சொல்லிக்கொண்டே நடப்பாள். அவற்றுக்கு மராத்தியில் என்ன பெயர் என்பதைப் பேரன் பலகையைப் பார்த்துப் படித்துச் சொல்லுவான். பட்டாம்பூச்சிகளைக் காண விரும்புவோர் மழைக்காலம் ஓய்ந்தபின், வெயில் ஏறத் தொடங்கும் காலை வேளையில் செல்வது நலம். பிள்ளைகளுக்கு ஒரு குறிப்பேடும் பென்சிலும் கொடுத்தனுப்புங்கள். குடிநீர் மறவாதீர்கள்.